முட்டை லாரியும் இருபத்து மூன்று நிமிடமும்

அந்த டெமோவை நான் இருபத்து மூன்று நிமிடம் விளையாடினேன். முழுதாக முடிக்க ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகும். அதை உருவாக்கியவர்களுக்கு அனுப்பிய கடிதத்தில், முழுவதையும் இரண்டு முறை விளையாடிப் பார்த்ததாக எழுதினேன். பொய் என்று தெரிந்தேதான் எழுதினேன்.

சேலத்தில் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தேன். முதலில் நிருபர், பிறகு உதவி ஆசிரியர். அந்த வேலையை விட்ட பிறகு வேறொரு பத்திரிகையின் வார இணைப்பில் கணினி விளையாட்டுகளைப் பற்றிப் பத்தி எழுதி வருகிறேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் தெருவில் இந்த வேலையைச் சொன்னால் யாரும் வேலை என்று எடுத்துக்கொள்வதில்லை. என் மனைவியும் அப்படித்தான்.

ஒரு விளையாட்டு விற்பனைக்கு வரும் முன்பு அதிலிருந்து ஒரு துண்டை மட்டும் சிலருக்குக் கொடுத்து விளையாடச் சொல்வார்கள். அதுதான் டெமோ. உருவாக்கியவர்களின் கண்ணுக்குப் படாத குறை, மாதக்கணக்கில் அதையே பார்த்துக்கொண்டிருந்ததால் படாமல் போன குறை, புதிதாக உட்காருபவர் கண்ணில் பட்டுவிடும். நானே பலமுறை அப்படி உதவியிருக்கிறேன். ஒரு விளையாட்டில் திரையில் வந்த தமிழ் எழுத்துகள் எல்லாம் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடந்தன. எழுதிப் போட்டேன், இரண்டே நாளில் சரிசெய்தார்கள். இதெல்லாம் டெமோவின் நல்ல பக்கம். கெட்ட பக்கம், அதை விளையாடுபவர் ஒரு துண்டைப் பார்த்துவிட்டு முழுசுக்கும் தீர்ப்பு எழுதிவிடலாம் என்பது. துண்டையும் முழுதாகப் பார்க்காமல் எழுதலாம் என்பதை நான் கண்டுபிடித்தேன்.

கண்டுபிடித்தேன் என்பதுகூடச் சரியில்லை. பத்திரிகையில் கற்றுக்கொண்டதுதான். மாவட்டப் பதிப்பு சீக்கிரம் அச்சுக்குப் போய்விடும். மாலை ஆறு மணிக்குத் தேர் இழுக்கிறார்கள் என்றால் செய்தி நான்கு மணிக்கே வேண்டும். அழைப்பிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நடந்து முடிந்ததுபோல எழுதுவோம். அட்வான்ஸ் என்று அதற்குப் பெயர். "திரளான பக்தர்கள் கலந்துகொண்டு வடம் பிடித்தனர்" என்ற வரி எல்லா ஆண்டும் இருக்கும். ஒரு முறை ஐந்து மணிக்குப் பிடித்த மழை ஒன்பது மணிவரை விடவில்லை. தேர் நிலையிலேயே நின்றது. மறுநாள் காலைப் பத்திரிகையில் திரளான பக்தர்கள் என் வரியில் வடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கடுத்த நாள் சின்னதாக ஒரு திருத்தம் போட்டோம். அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பழக்கத்தை யாரும் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை.

அந்த டெமோவை உருவாக்கிய பெண்மணி நாமக்கல்லிலிருந்து முதலில் போனில்தான் பேசினார்.

"சார், நான் நாமக்கல்லுங்க. உங்க பத்திய வாராவாரம் படிச்சுருவேனுங்க. நானும் ஊட்டுக்காரரும் சேந்து ஒரு லாரி கேம் பண்ணியிருக்கோம்."

"பந்தயமா?"

"இல்லீங் சார். முட்டை லோடு."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். "எல்லாருமே கரெக்டா இந்த எடத்துல சிரிக்கறாங்க சார்."

முப்பத்து மூன்று வயதிருக்கும். நாமக்கல் பக்கம் ஒரு உறைவிடப் பள்ளியில் கணினி ஆசிரியையாக இருந்தவர். கணவர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் கணினியில் வரைபடம் போடுகிறவர். விளையாட்டில் வரும் லாரியை வரைந்தது அவர், அதை ஓட வைத்தது இவர். இதற்காக இவர் பள்ளியிலிருந்து ஒரு வருடம் விடுப்பு வாங்கியிருந்தார். ஜூன் மாதம் திரும்பி வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். வீட்டிலும் ஒரு வருடம்தான் என்று பேச்சு. விளையாட்டு ஏப்ரலில் வெளிவரும். நன்றாகப் போனால் பள்ளிக்குத் திரும்பத் தேவையில்லை, இதையே செய்யலாம். போகாவிட்டால் திரும்ப வேண்டியதுதான். இதையெல்லாம் அந்த முதல் பேச்சிலேயே, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதுபோல வேகமாகச் சொன்னார்.

டெமோவைப் பன்னிரண்டு பேருக்கு அனுப்பினார்கள். கூடவே மூன்று கேள்விகள். எந்த இடத்தில் சலிப்பு வந்தது? எந்த இடம் புரியவில்லை? எந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்தீர்கள்?

நல்ல கேள்விகள். ஒரு நிருபர் கேட்க வேண்டிய மாதிரியான கேள்விகள்.

நான் உட்கார்ந்தது ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. அஸ்தம்பட்டியில் ஒரு கிரகப்பிரவேசம், பன்னிரண்டரைக்குள் சாப்பாட்டுக்குப் போக வேண்டும். விளையாட்டு ஒரு கோழிப்பண்ணை வாசலில் தொடங்கியது. காலி லாரி. முப்பது முப்பது முட்டையாக அடுக்கிய அட்டைகளை நாம் லாரியில் ஏற்ற வேண்டும். பிறகு சரக்கு நகராமல் இருக்கப் பலகை கொடுக்க வேண்டும். பிறகு தார்ப்பாய். பிறகு கயிறு. மொத்தம் ஒன்பது கயிறுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்து, கயிறு முறுகும் சத்தத்தைக் கேட்டு, போதும் என்று தோன்றும்போது விட வேண்டும். சரியாகக் கட்டினோமா என்று திரை எதுவும் சொல்லவில்லை. மதிப்பெண் இல்லை, கைதட்டல் இல்லை.

இரண்டாவது கயிற்றில் இருக்கும்போது என் மனைவி பின்னால் வந்து நின்றார்.

"லாரி இன்னும் கெளம்பலியா?"

"லோடு கட்டறேன்."

"அரை மணி நேரமா கயித்தையே கட்டிக்கிட்டு இருக்கீங்க. மொட்டை மாடியில துணிக்கயிறு அறுந்து ஒரு வாரமாச்சு. அதைக் கட்டினாலாவது புண்ணியம்."

மூன்றாவது கயிற்றின் பாதியில் பட்டனை விட்டுவிட்டு எழுந்தேன். கணினியை அணைத்தேன். சட்டை மாற்றிக்கொண்டு விருந்துக்குப் போனேன். லாரி பண்ணை வாசலைத் தாண்டவே இல்லை.

அதற்கு ஒரு மாதம் முன்பு, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் டெமோவை மூன்று மணி நேரம் விளையாடியிருந்தேன். அதில் பனிமூட்டத்துக்குள் ஒரு மனிதன் நடந்துகொண்டே இருப்பான். முதல் முக்கால் மணி நேரம் நடப்பதைத் தவிர வேறெதுவும் இல்லை. அதைப் பற்றிப் பத்தியில், "நிதானத்தையே சுவையாக்கியிருக்கிறார்கள்" என்று எழுதினேன். நாமக்கல்லிலிருந்து வந்த நிதானத்துக்கு இருபத்து மூன்று நிமிடம் கொடுத்தேன். தெரிந்த ஊர், தெரிந்த லாரி, கேட்டுப் பழகிய பேச்சு. இவர்களுக்கு என்ன தெரியப்போகிறது என்று மனதுக்குள் இருந்திருக்க வேண்டும். அப்போது அதை நான் என்னிடம் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை கடிதம் எழுதினேன். எண் போட்டு ஏழு குறிப்புகள். உதவி ஆசிரியராக இருந்தவனுக்கு அப்படி எழுதுவது ஒன்றும் கஷ்டமில்லை. சரக்கு ஏற்றும் பகுதி இன்றைய இளைஞர்களின் பொறுமைக்கு ஒத்துவராது, அதை நீக்குவது நல்லது. முதல் நிமிடத்திலேயே லாரி சாலையில் இருக்க வேண்டும். ஓரத்தில் ஒரு கடிகாரம் ஓடினால் விறுவிறுப்பு கூடும். இப்படியே மற்ற நான்கும். என் சலிப்பைத் தூக்கி இன்றைய இளைஞர்கள் தலையில் வைத்தேன். மூன்றாவது கேள்விக்கு, எந்த இடத்திலும் நிறுத்தவில்லை, முழுவதையும் இரண்டு முறை விளையாடிப் பார்த்தேன் என்று பதில் எழுதினேன். ஒரு முறை என்று எழுதியிருந்தால்கூடப் போதும். பொய் சொல்லும்போது கொஞ்சம் தாராளமாகிவிடுகிறோம்.

இரண்டு நாளில் கணவர் கூப்பிட்டார். "சார், ஏழு பாயின்ட்டையும் அச்சடிச்சு செவுத்துல ஒட்டியாச்சுங்க. யாருங்க இவ்வளவு தெளிவா எழுதறாங்க? நெம்ப நன்றிங்க."

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை.

மார்ச் மாதக் கடைசியில், வெளியீட்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒருமுறை நேரில் வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டார்கள். ராசிபுரம் வழியாகப் போகும் பஸ்ஸில் போனேன். திருச்செங்கோடு சாலையில், உதிரிபாகக் கடை ஒன்றின் மாடியில் ஒரு அறை. இரண்டு கணினிகள், ஒரு மேசை மின்விசிறி, கீழிருந்து வந்துகொண்டேயிருந்த இரும்பைத் தட்டும் சத்தம். சுவரில் என் கடிதம் நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டியிருந்தது. ஏழில் ஆறு குறிப்புகளுக்கு எதிரே பச்சைப் பேனாவில் டிக் அடித்திருந்தார்கள்.

அந்தப் பெண்மணி புதிய வடிவத்தைப் போட்டுக் காட்டினார். திரை திறந்த உடனே லாரி சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஓரத்தில் கடிகாரம். பண்ணையும் இல்லை, கயிறும் இல்லை.

"நீங்க சொன்ன மாதிரியே பண்ணியாச்சுங்க சார்," என்றார் அவர்.

"மத்தவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

கணவர் போனை எடுத்து ஒரு குரல் செய்தியைப் போட்டார். பன்னிரண்டு பேரில் ஒருவர் ஓய்வுபெற்ற லாரி டிரைவர், பட்டறை மூலம் பழக்கம். குரலில் கொஞ்சம் இருமல் இருந்தது. "ஏஞ்சாமி, கயிறு கட்டறது நெம்ப நல்லா இருக்குது. நாங்க பண்றது அப்புடியே வந்திருக்குது. ஆனா நீ எடது பக்கம் இருந்து ஆரம்பிக்க வச்சிருக்கறே, அது தப்பு. மொதல்ல பின்னால கட்டோணும். அத மட்டும் மாத்திரு சாமி. வேற ஒண்ணும் கை வெக்காதே."

செய்தி முடிந்ததும் அவர் மனைவி என்னைப் பார்த்தார். "பெரியவருக்கு லாரி தெரியும், கேமு தெரியாதில்லீங்களா சார். அதனால உங்க பேச்சையே எடுத்துக்கிட்டோம்."

நான் தலையாட்டினேன்.

அப்போது கணவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "அந்த வேடிக்கைய சாருக்குச் சொல்லு."

"ஒண்ணுமில்லீங் சார். டெமோவுல யாரு எவ்வளவு நேரம் ஆடறாங்க, எந்த எடத்துல நிறுத்தறாங்கன்னு தானாவே பதிவாகி எங்களுக்கு வந்துரும். உங்களுது இருபத்து மூணு நிமிசம்னு காட்டுச்சுங்க. மூணாவது கயித்தோட நிக்குது."

"சாரு ரெண்டு வாட்டி முழுசா ஆடியிருக்காரு, இது இருபத்து மூணுங்குது," என்றார் கணவர். "அப்பப் பதிவுலதான் கோளாறுன்னு இவ ஒரு வாரம் ஒக்காந்து தேடுனா பாருங்க. சோறு திங்கல, தண்ணி குடிக்கல."

"தின்னேங்க சார். இவரு சும்மா அளக்கறாரு."

"கோளாறு கிடைச்சுதா?" என் குரல்தான். சாதாரணமாகவே இருந்தது.

"இல்லீங். எந்த எடத்துல தப்புன்னே புடிபடல. மத்த பதினோரு பேரும் கடைசி வரைக்கும் ஆடியிருக்காங்கன்னு காட்டுச்சு. ஒண்ணு தப்புன்னா அதையும் எப்புடிங்க நம்பறது? மொத்தப் பதிவையும் ஓரங்கட்டிட்டேன்."

இதை எழுதும்போது அந்த நொடியைப் பிரித்துப் பார்க்க முயல்கிறேன். வெளியீட்டுக்குப் பத்து நாள் இருந்தது. பழைய வடிவம் அவர் கணினியில் பத்திரமாக இருந்தது. 'பதிவு சரிதான், நான்தான் எழுந்து போய்விட்டேன்' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். பதினோரு பேர் கயிறு கட்டும் பகுதியைத் தாண்டிக் கடைசிவரை போயிருக்கிறார்கள் என்ற உண்மை அந்த மேசைமேல் இருந்தது. அதை நம்ப விடாமல் செய்தது என் ஒரு வரி. எனக்கு அப்போது இது எல்லாமே புரிந்தது. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

"கம்ப்யூட்டர் சமாச்சாரமே அப்படித்தான்," என்றேன். எனக்காக வாங்கித் தட்டில் வைத்திருந்த பஜ்ஜியில் இன்னொன்றை எடுத்துக்கொண்டேன்.

சேலம் திரும்பும் பஸ்ஸில், ஆண்டகளூர் கேட் தாண்டும்வரை, போனில் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும், இந்தக் கடைசி நேரத்தில் சொல்லி அவர்களைக் குழப்பக் கூடாது என்று ஒரு காரணம் கிடைத்தது. காரணம் நல்லபடியாக இருந்ததால் அதோடு தூங்கிவிட்டேன்.

ஏப்ரலில் விளையாட்டு வெளிவந்தது. முதல் வாரத்திலேயே வாங்கியவர்கள் எழுதத் தொடங்கினார்கள். எல்லோரும் சொன்னது ஒன்றைத்தான். ஒழுங்காக ஓட்டினாலும் முட்டை உடைகிறது. நாற்பதில் போனாலும் உடைகிறது, இருபதில் போனாலும் உடைகிறது. "கோழிக்கே கோவம் வந்து ஒடைக்குது போல" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் படங்கள்.

இந்த முறை முழுதாக விளையாடினேன். ஆறு மணி நேரம். அவர்கள் சொன்னது சரிதான். பத்தியில் எழுதினேன்: சாலைகள் அசலாக இருக்கின்றன, லாரியின் சத்தம் அசலாக இருக்கிறது, ஆனால் முட்டைகள் காரணமின்றி உடைகின்றன, காரணம் தெரியாத தண்டனையை எந்த விளையாட்டுக்காரரும் பொறுக்க மாட்டார். ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்தது. விளையாட்டை மாற்றச் சொல்லி அவர்களுக்கு யோசனை கொடுத்தது யார் என்பது மட்டும் அதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வெளியானது.

அன்று காலை பத்து மணிக்குக் கணவர் கூப்பிட்டார்.

"சார், பத்தி படிச்சோமுங்க."

"சொல்லுங்க."

"காரணமில்லாம ஒடையுதுன்னு போட்டிருக்கீங்க. காரணம் இருந்துச்சுங்க சார். கயிறு. சரியாக் கட்டுனா ஒடையாது. கட்டறத எடுத்ததும் கயித்த கம்ப்யூட்டரே அதும்பாட்டுக்குக் கட்டுது. ஒரு வாட்டி இறுக்கிக் கட்டுது, ஒரு வாட்டி தொளதொளன்னு கட்டுது. ஆடறவங்களுக்கு என்னங்க தெரியும்?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"கோவத்துல சொல்லலீங். நீங்க ரெண்டு வாட்டி ஆடியிருக்கீங்க. அந்த வளைவுல லோடு சாயறதப் பாத்திருப்பீங்களே? பாத்துமா கயித்த எடுக்கச் சொன்னீங்கன்னுதான் கேக்கறேன்."

"பாத்தேன்," என்றேன்.

இரண்டாவது பொய் இதுதான். முதலாவதை எழுதினேன், இதை வாயால் சொன்னேன்.

போனை வைத்த பிறகு டெமோவைத் தேடினேன். கணினியில் அழிக்காமல் கிடந்தது. உட்கார்ந்து அட்டை அடுக்கினேன், பலகை கொடுத்தேன், ஒன்பது கயிறுகளையும் கட்டினேன். ஐந்தாவது கயிறு வரும்போது கைக்குப் பழகிவிட்டது. முறுகும் சத்தத்தில் எந்த இடத்தில் விட வேண்டும் என்று தெரிந்தது. ஆறாவதில் அவசரப்பட்டேன். லாரி கிளம்பியது. நாமக்கல் தாண்டி, ஒரு பாலம் தாண்டி, திருச்செங்கோட்டுக்கு அப்பால் சாலை இறங்கித் திரும்பும் ஒரு வளைவு வந்தது. அங்கே பின்னாலிருந்து மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. சரக்கு வலது பக்கம் ஒரு விரற்கடை சாய்ந்தது. ஆறாவது கயிறு கட்டிய பக்கம். லாரியை ஓரம் கட்டி இறங்கித் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால், நான் அவசரத்தில் விட்ட இடத்தில் நான்கு அட்டைகள் நனைந்திருந்தன. அரை மணி நேரத்துக்கு முன்னால் என் கை செய்தது. திரை அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. டெமோ ஒரு டீக்கடையில் முடிகிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் இன்னொரு டிரைவர் நம் லாரியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "லோடு யாரு கட்டுனது?" என்று கேட்பார். அவ்வளவுதான்.

நான் விளையாடிய டெமோக்களில் இதுதான் சிறந்தது என்று இப்போது எழுதினால் அதை யாரும் நம்ப வேண்டியதில்லை. என் மதிப்பீட்டுக்கு இருந்த மதிப்பை நானே செலவழித்துவிட்டேன்.

உண்மையைச் சொல்லப் போவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டேன். மே மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சொல்லாமல் போனேன். மாடி அறையில் இருவரும் இருந்தார்கள். ஒரு கணினியை அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அறையைக் காலி செய்கிறார்கள். சுவரில் என் கடிதம் இல்லை, டேப் ஒட்டிய அடையாளம் இருந்தது.

"வாங்க சார், வாங்க. ஒக்காருங்க. நாக்காலிய மட்டும் இன்னும் கட்டல," என்றார் கணவர்.

உட்காரவில்லை. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த முன்னுரையை விட்டுவிட்டேன். "நான் டெமோவை முழுசா விளையாடல. இருபத்து மூணு நிமிஷம்தான். உங்க பதிவுல கோளாறு இல்ல. அது சரியாத்தான் காட்டுச்சு."

கணவர் கையில் டேப்பின் நுனி ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை உரித்தெடுத்து விரலில் உருட்டினார். தரையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி எழுந்திருக்கவில்லை.

"மூணாவது கயித்துலதான் எந்திரிச்சீங்களா?"

"ஆமா."

"கட்டி முடிச்சிட்டா, பாதியிலயா?"

"பாதியில."

பக்கத்தில் இருந்த நோட்டை இழுத்து ஒரு பக்கத்தைத் திருப்பினார். எழுதத் தொடங்கினார்.

"ஏன்னு சொல்லுங்க சார். கை வலிச்சுதா, அலுப்பா இருந்துச்சா?"

"அலுப்பு. ரெண்டு கயிறு கட்டியும் சரியா கட்டினேனா இல்லையான்னு தெரியல. எதுக்குக் கட்டறோம்னும் தெரியல. அப்புறம் ஒரு விருந்துக்குப் போகணும்."

"விருந்த எழுதாதே," என்றார் கணவர். சிரிக்காமல்தான் சொன்னார்.

அவர் மனைவி எழுதி முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தார். "இத அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா ஒம்பது கயித்த நாலாக் கொறச்சிருப்பேன் சார். மொதக் கயிறு கட்டுனதுமே லாரிய லேசாக் குலுக்கி, இதுக்குத்தான் கட்டறோம்னு காட்டியிருப்பேன். எடுத்திருக்க மாட்டேன்." நோட்டை மூடினார். "நீங்க சலிச்சுப் போய் எந்திரிச்சதுதான் சார் எங்களுக்கு வேண்டியது. அது எங்க கையிலயே இருந்துச்சு."

மன்னிப்புக் கேட்டேன். என்ன சொற்களில் கேட்டேன் என்று நினைவில்லை.

"அந்த ஒரு வாரம் கோளாறு தேடுனேன் பாருங்க," என்றார். இப்போதும் குரல் உயரவில்லை. "ஒருத்தரு எத்தன நிமிசம் ஆடுனாருன்னு எண்ணறது சின்ன வேலைங்க. நான் எட்டாங்கிளாசுப் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறது. அதுகூட நான் எழுதுன புரோகிராமுல தப்பா வருது, எங்கன்னும் கண்டுபுடிக்கத் தெரியல. அப்பத் தோணுச்சு, நம்மளுக்கு இது வராது போல, ஸ்கூலுக்கே போயிரலாம்னு. அந்த வாரந்தான் பிரின்சிபாலுக்குப் போன் பண்ணி ஜூன்ல வந்தர்றேன்னு சொன்னேன். கேமு வெளிய வாரதுக்கு முன்னாடியே."

எனக்கு இது தெரியாது. விளையாட்டு தோற்றதால்தான் பள்ளிக்குத் திரும்புகிறார் என்று எண்ணியிருந்தேன். என் பத்திக்கு அதில் ஒரு பங்கு, வாங்கியவர்களின் கேலிக்கு ஒரு பங்கு என்று மனதுக்குள் பிரித்து வைத்திருந்தேன். அப்படிப் பிரிக்க முடியாது என்று ஆகிவிட்டது.

"இப்ப மாத்திச் சொல்ல முடியாதா?" என்று கேட்டேன்.

"திங்கக்கெழம சேரோணும் சார். ஆஸ்டல் வார்டன் வேலையும் சேத்துக் குடுத்திருக்காங்க."

பத்தியில் உண்மையை எழுதுகிறேன் என்றேன். அவர் கணவரைப் பார்த்தார். கணவர் தோளைக் குலுக்கினார்.

"எழுதுங்க," என்றார் அவர். "எங்களப் பத்தி ஒண்ணும் வேண்டாங்க. பாவம், கஷ்டப்பட்டாங்கன்னு எல்லாம் போட்டறாதீங்க. எந்த கேமு, நீங்க எத்தன நிமிசம் ஆடுனீங்க, என்ன எடுக்கச் சொன்னீங்க. அது போதும்."

உதவி ஆசிரியர் ஒருவர் செய்தியை வெட்டிக் கொடுத்ததுபோல இருந்தது. அவர் சொன்னபடியே எட்டு வரி எழுதினேன். இணைப்பின் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, இது தேவையா, வாசகர்கள் யாரும் கேட்கவில்லையே என்றார். தேவை என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் பத்தியின் மேலேயே வெளியானது. அதற்குப் பிறகு எந்த டெமோவைப் பற்றி எழுதினாலும் எத்தனை நிமிடம் விளையாடினேன், எந்த இடத்தில் நிறுத்தினேன் என்று முதல் வரியில் எழுதுகிறேன். சில வாசகர்களுக்கு அது கேலியாகப் படுகிறது. பல முறை அந்த எண் சின்னதாகத்தான் இருக்கிறது.

இதை எழுதும் இந்த நாள்வரை அந்த விளையாட்டு கயிறுகளோடு திரும்ப வரவில்லை. அவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பாதிதான் கிடைக்கிறது, மீதி விடுதிப் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோருக்குப் போய்விடுகிறது என்று கணவர் ஒருமுறை சொன்னார். செய்கிறோம், பார்க்கலாம் என்றார்.

அந்த எட்டு வரி வெளியான அன்று மாலை என் போனுக்கு அந்தப் பெண்மணியிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. "படிச்சேன் சார்." அவ்வளவுதான். இன்னும் ஏதாவது எழுதுவார் என்று நினைத்து அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பிறகு நானாக ஏதாவது எழுதலாமா என்று யோசித்தேன். எழுதி, அழித்து, எழுதி, அழித்தேன். கடைசியில் எதுவும் அனுப்பவில்லை. அவரும் அனுப்பவில்லை.